மாரீஸ்வரியின் டி.சி.

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் ஒருத்தி போன வாரம் எனக்குப் போன் செய்தாள். பெயரைச் சொல்லமாட்டேன், அவளுக்கே தெரியும். "மேடம், புதுக் கல்வியாண்டுக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துவது எப்படின்னு மீட்டிங்கில் பேசச் சொல்லியிருக்காங்க. உங்க அனுபவத்துல இருந்து பத்து பாயிண்ட் சொல்லுங்க, ஸ்லைடு போட்டுக்கிறேன்" என்றாள். பத்து பாயிண்டாம்! முப்பது ஜூன் மாதங்களுக்கு மேல் பள்ளிக்கூட வராந்தாவில் நின்று கத்தியிருக்கிறேன். அதில் பாதி ஜூனில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது. பாயிண்ட் எல்லாம் என்னிடம் இல்லை. நான் செய்த தப்பு வேண்டுமானால் இருக்கிறது. ஸ்லைடில் அடங்காது, உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுத்தவள். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். பள்ளிக்கூடம் ராஜபாளையத்தைத் தாண்டி, தேவதானம் போகிற வழியில். காலையில் ஒரு பஸ் பிடித்து ராஜபாளையம், அங்கே இறங்கி இன்னொரு பஸ். பதினாறு வருடம் இப்படியே போய் வந்தேன். முழங்கால் தேய்ந்ததற்கு இயற்பியல் காரணமில்லை, பஸ் படிக்கட்டுதான் காரணம்.

ஜூன் மாதப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு இனிமேல் தெரியும். எல்லாப் பாடப்புத்தகமும் வந்திருக்கும், வேதியியல் மட்டும் வந்திருக்காது. முந்தின வருடம் அளவெடுத்த சீருடை வந்து சேரும்போது பையன்கள் நாலு விரல் வளர்ந்திருப்பார்கள். கோடை விடுமுறை முழுக்க ஒருமுறைகூட நினைவுக்கு வராத இனிஷியல் தகராறு, பள்ளி திறக்கிற அன்று காலை ஒன்பதரை மணிக்கு ஒரு அப்பாவுக்கு நினைவு வரும். "டீச்சர், ஆதார்ல ஒரு பேரு இருக்கு, ஒங்க ரிஜிஸ்டர்ல ஒரு பேரு இருக்கு, இதுல எம் மகன் யாரு?" என்று நம்மிடமே கேட்பார். அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் சுற்றறிக்கை வரும். எல்லா விவரங்களையும் இன்று மாலைக்குள் பதிவேற்ற வேண்டும் என்று ஒன்று. முதல் நாளன்று மாணவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிகிற மாதிரி புகைப்படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று இன்னொன்று. வெயிலில் வரிசையில் நிற்கிற பிள்ளையிடம் போய் "சிரிடா" என்று அதட்டிப் படம் எடுத்திருக்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்தால் அவனை யாரோ கடத்திக்கொண்டு போகிற மாதிரி இருக்கும்.

என் முதல் தப்பு இந்தக் களேபரத்தில்தான் நடந்தது. அந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த புதிது. திறந்த அன்றே புத்தகங்களை எல்லாம் கொடுத்து முடித்து, வாங்கியவர்கள் பெயருக்கு நேரே டிக் அடித்து, பெருமையாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் பள்ளித் தமிழாசிரியர் வந்தார். அவரை எல்லோரும் தமிழய்யா என்றுதான் சொல்வோம். என்னைவிட இரண்டு வயது சின்னவர், ஆனால் பேச்சில் மட்டும் எண்பது வயது. பட்டியலைப் பார்த்துவிட்டு, "யாரு வாங்கல?" என்றார். எண்ணிப் பார்த்தேன், மூன்று பேர். யார் என்று தெரியவில்லை. "வாங்குனவன் பேருக்கு டிக் அடிச்சு என்ன பண்ணப் போறீக? அவந்தான் வந்துட்டானே. வராதவன் பேர ஒரு துண்டுச் சீட்டுல எழுதிட்டு சாயங்காலம் கெளம்புங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் போனேன். ஒருவன் மாமா வீட்டுக்குப் போய்க் கால் ஒடிந்து கட்டோடு படுத்திருந்தான். ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டிருந்தாள். மூன்றாவது ஆள் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுவிட்டு, முடி முளைக்காமல் பள்ளிக்கு வருவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தான். அவனை வெளியே இழுக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. மறுநாள் வந்தான், தொப்பியோடு.

அன்றிலிருந்து ஜூன் முதல் வாரத்தில் வராதவர்கள் பட்டியல்தான் என் கையில் இருக்கும். இந்த விஷயத்தில் நான் கெட்டிக்காரி என்று ஊரே சொன்னது. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் பின்னால் என்னைக் கெடுத்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

உங்களுக்கு யாரும் வெளிப்படையாகச் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். ஆகஸ்ட் முதல் தேதி பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் பெயர் இருக்கிறதோ, அதை வைத்துத்தான் அந்தப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் இருக்கலாம் என்று முடிவு செய்வார்கள். ஒரு பிரிவில் பிள்ளைகள் குறைந்தால், அந்தப் பாட ஆசிரியர் உபரி. உபரி என்றால் வேறு எங்கே காலியிடம் இருக்கிறதோ அங்கே தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆகவே மே மாதம் முழுக்க நாங்கள் வீடு வீடாகப் போய், "எங்கள் பள்ளியில் சேருங்கள்" என்று நோட்டீஸ் கொடுப்போம். ஆட்டோவில் மைக் கட்டிக் கத்துவோம். கேட்டால் பிள்ளைகளின் எதிர்காலம் என்போம். எதிர்காலம்தான், யாருடையது என்பதில்தான் சந்தேகம். அந்த வருடம் எங்கள் பதினொன்றாம் வகுப்பு அறிவியல் பிரிவு இழுபறியில் இருந்தது. குறைந்தால் போகிறது என் பணியிடம். ஆலங்குளம் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியலுக்கு ஆளில்லை, என்னை அங்கேதான் போடுவார்கள் என்று பேச்சு. ஓய்வு பெற எனக்கு மூன்று வருடம் இருந்தது. இரண்டு பஸ்ஸே ஏறி இறங்க முடியவில்லை, மூன்றாவது பஸ்ஸை நினைத்தாலே முழங்கால் வலித்தது.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மூன்றாம் நாள் மாரீஸ்வரி வந்தாள். எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள், அந்த வருடம் பள்ளியில் இரண்டாவது மதிப்பெண். அப்பா தேவதானத்தில் ஒரு மாந்தோப்புக்குக் காவல். அம்மா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. மகளும் அம்மாவும் சேர்ந்து வந்திருந்தார்கள்.

"டீச்சர், டி.சி. வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள்.

"எங்கட்டி போற?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு ஸ்கூல்ல வேளாண்மை குரூப் இருக்காம். அதுல சேரப் போறேன்."

"இம்புட்டு மார்க்கை வச்சுக்கிட்டா? அது மார்க் வராத பிள்ளைக போற குரூப்புட்டி."

அவள் சொன்னாள். "எங்க தோப்புல ரெண்டு வருசமா மாம்பூ கருகிக் கருகிக் கொட்டுது டீச்சர். மருந்துக்கடைக்காரர் எதக் குடுக்காரோ அத எங்கப்பா அடிக்காரு. ஏன் கருகுதுன்னு அவருக்கும் தெரியல, இவருக்கும் தெரியல. எனக்கு அது தெரியணும்."

முப்பது வருடத்தில், ஒரு பிரிவை ஏன் எடுக்கிறாய் என்ற கேள்விக்கு இதைவிட ஒழுங்கான பதிலை நான் கேட்டதில்லை. பாதிப் பிள்ளைகள் "என் பிரெண்டு எடுத்தா, நானும் எடுத்தேன்" என்பார்கள். கேட்டதும் எழுந்துபோய் டி.சி.யை எடுத்துக் கையில் கொடுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த அம்மாவை உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். "சயின்ஸ் குரூப் படிச்சா இவ நேரா அக்ரி காலேஜுக்கே போகலாம்மா. ஏன் தொழிற்பிரிவுல போயி மாட்டணும்? பக்கத்துலயே இருக்கு, பஸ் அலைச்சல் கிடையாது. நான் இருக்கேன், பாத்துக்கிடுதேன்" என்றேன். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டதில்தான் எல்லாம் இருந்தது.

மாரீஸ்வரி மெல்ல, "டீச்சர், எனக்கு பிசிக்ஸ் வராது" என்றாள்.

"நான் எதுக்குட்டி இருக்கேன்?" என்று சிரித்தேன்.

அம்மா மகளைப் பார்த்தார். "டீச்சரே சொல்லுதாக, பெறகென்ன?" என்றார். இப்படித்தான் ஒரு பெண்ணின் இரண்டு வருடத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் முடித்தேன்.

பிசிக்ஸ் அவளுக்கு உண்மையாகவே வரவில்லை. வராது என்று ஒரு பிள்ளை சொன்னால் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்கிற கெட்ட பழக்கம் நமக்கு உண்டு. கரும்பலகையில் எழுதியதை எல்லாம் மணி மணியாக எழுதிக்கொள்வாள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று என் புடவைக் கரையைப் பார்ப்பாள். மாலையில் நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஜூலையில் வைத்த முதல் தேர்வில் பெயரும் தேதியும் மட்டும் எழுதி விடைத்தாளைக் கொடுத்தாள். எனக்கு அவமானம், அதனால் அவளைத் திட்டினேன். "பத்தாம் வகுப்புல எப்படித்தான் மார்க் வாங்குனயோ" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அதை இப்போது எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூலை இருபத்தெட்டாம் தேதி மதியம் அம்மாவும் மகளும் மறுபடி வந்தார்கள். அம்மா ஷிப்ட் முடித்து மில் பஸ்ஸில் இறங்கி நேராக வந்திருந்தார், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"டீச்சர், இவ ஒரு வாரமா சோறு திங்கல. அந்த வேளாண்மை படிப்பே படிக்கேங்கா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல கேட்டோம். ஒரே ஒரு எடம் இருக்காம், மாசக் கடைசி வரைக்கும் வச்சிருக்கோம்னு சொன்னாக. டி.சி.யக் குடுத்திருங்க, நாளைக்கே போயிச் சேத்திருதேன்."

அவர்களை வராந்தாவில் இருக்கச் சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. பதினொரு சுற்றறிக்கைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட மனிதர். பதிவேட்டைத் திறந்து விரல் வைத்து எண்ணினார். இரண்டாவது முறையும் எண்ணினார்.

"இந்தப் பிள்ளை போனா ஒரு தலை குறையுது டீச்சர். உங்க போஸ்ட் போயிரும். எனக்கு ஒண்ணுமில்ல, நீங்களே சொல்லுங்க. ஒண்ணாந் தேதி கணக்கெடுப்பு முடியட்டும், ரெண்டாந் தேதி காலைல முதல் வேலையா கையெழுத்துப் போட்டுத் தாரேன். நாலு நாள்தானே?"

முடிவை என் கையில் கொடுத்துவிட்டார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். அவர் "முடியாது" என்று சொல்லியிருந்தால் பழியை அவர் மேல் போட்டிருக்கலாம்.

வெளியே வந்தேன். ஆசிரியர் அறையில் தமிழய்யா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். யோசிக்கவே இல்லை அவர். "குடுத்துருங்க டீச்சர். ஒங்களுக்குப் போறது போஸ்ட், அது இன்னொரு ஊர்ல கெடைக்கும். அந்தப் பிள்ளைக்குப் போறது வருசம்" என்றார்.

"ஒங்களுக்கென்ன, சொல்லிருவீக. எந்த குரூப் இருந்தாலும் தமிழ் வேணும். ஒங்களை எவன் உபரின்னு சொல்லப் போறான்?" என்று வெடித்தேன். அவர் தேநீர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

வராந்தாவுக்குப் போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். "சர்வர் வேலை செய்யலம்மா. கம்ப்யூட்டர்ல இவ பேரை இங்கிருந்து விடுவிச்சாத்தான் அங்க சேக்க முடியும். ரெண்டாந் தேதி வாங்க."

"மாசக் கடைசிக்குள்ளன்னு சொன்னாகளே டீச்சர்?"

"நான் அவங்ககிட்டப் போன்ல சொல்லிருதேன். ரெண்டு நாள்ல என்ன ஆயிரப் போவுது?"

"நீங்க சொன்னாச் சரி" என்றார். இரண்டாவது முறையாக அந்த அம்மா என்னை நம்பினார். நான் போனும் செய்தேன். அங்கிருந்த டீச்சர், "பாக்கேன் டீச்சர், முப்பத்தொண்ணு வரைக்கும்தான் சொல்ல முடியும்" என்றார். பார்க்கிறேன் என்றாரே, அதைப் பிடித்துக்கொண்டு தைரியமாக இருந்தேன். நமக்கு வேண்டியதை மட்டும் கேட்கிற காது எனக்கு அன்று இருந்தது.

ஆகஸ்ட் முதல் தேதி கணக்கு சரியாக வந்தது. இரண்டாம் தேதி காலை பத்து நிமிடத்தில் டி.சி. கைக்கு வந்துவிட்டது. அம்மாவும் மகளும் வாங்கிக்கொண்டு ஓட்டமாகப் பஸ்ஸுக்குப் போனார்கள். மத்தியானம் எனக்குப் போன் வந்தது.

"எடமில்லங்காக டீச்சர். முப்பத்தொண்ணாந் தேதி சாயங்காலம் வேற ஒரு பிள்ளைய சேத்துட்டாகளாம். இவ வாசல்லயே ஒக்காந்துட்டா, எந்திரிக்க மாட்டேங்கா. நான் என்ன செய்ய?"

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு நானே அந்தப் பள்ளிக்குப் போனேன். கெஞ்சினேன். அந்த டீச்சர் என் வயதுக்காரர்தான். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். ஒண்ணாந் தேதிக்கு நாங்களும்தானே தலை எண்ணுறோம். ஒங்க பிள்ளை வரும்னு எடத்தைக் காலியா வச்சிருந்தா எங்க போஸ்ட்டுல கை வச்சிருப்பாங்க. லேப்ல இதுக்கு மேல நிக்க எடமும் இல்ல" என்றார். நான் எந்தப் பயத்தில் பிடித்து வைத்தேனோ அதே பயத்தில் அவர் நிரப்பிவிட்டார். சண்டை போடலாம் என்று போனவளுக்குச் சண்டை போட ஆளில்லை. அங்கிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது, பக்கத்தில் இருந்தவர் டிக்கெட் தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.

தேவதானத்துக்குப் போனேன். "நம்ம ஸ்கூல்லயே திரும்பச் சேந்துருட்டி, வேற குரூப் தாரேன்" என்றேன். மாரீஸ்வரி, "வேண்டாம் டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். அவள் அப்பா ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "இந்த வருசம் வீட்டோட இருக்கட்டும், அடுத்த வருசம் பாப்போம்" என்றார். அடுத்த வருடம் பார்ப்போம் என்று வீட்டில் நிறுத்தப்பட்ட பெண் பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பப் பள்ளிக்கு வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வராதவர் பட்டியலை வருடக்கணக்காக வைத்திருந்தவள் நான்தானே.

சத்திரப்பட்டியில் அவளுடைய சித்தி வீடு. அங்கே வீட்டுக்கு வீடு பேண்டேஜ் துணி நெய்கிறார்கள், மடிக்கிறார்கள். மாரீஸ்வரியை அங்கே அனுப்பிவிட்டார்கள். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். இடுப்பளவு வெள்ளைத் துணிக்கு நடுவே உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், வகுப்பில் நிற்கிற மாதிரியே.

"இது லேசா வருது டீச்சர், பிசிக்ஸ் மாதிரி இல்ல" என்று சிரித்தாள். நான் சிரிக்க முயன்றேன். அவளுடைய சித்தி காபி போட உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அன்னைக்கு சர்வர் வேலை செஞ்சுச்சு டீச்சர். நாங்க வராந்தாவுல இருக்கையில ஆபீஸ் அக்கா ரெண்டு பேருக்குக் கம்ப்யூட்டர்ல டி.சி. எடுத்துக் குடுத்தாக. எங்கம்மாகிட்ட நான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"எங்கம்மா ஒங்களை ரொம்பப் பெருசா நெனைக்கும்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்புப் பண்ணிட்டேன்ட்டி. எம் போஸ்ட்டுக்காக ஒன்னை நிறுத்தி வச்சேன்" என்றேன். அவள் கையை உருவிக்கொள்ளவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. காபி வந்தது, குடித்தேன். ராஜபாளையம் பஸ் ஏறும்வரை கூடவே நடந்து வந்தாள். "அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோப்புக்குப் போய், அப்பாவும் இருக்கும்போது, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "எம் பிள்ளைய படிப்புக்குன்னு வச்சிருந்தீகன்னு நெனச்சேன், எண்ணிக்கைக்கு வச்சிருந்தீகளா?" என்று கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார். அந்தக் கல்வியாண்டு முழுக்க நான் அதே பள்ளியில், அதே இரண்டு பஸ்ஸில் போய், அதே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு நாளும் அந்தக் கையெழுத்து எனக்கு உறுத்தியது. தமிழய்யா என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஜனவரியில் ஒருநாள் ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் அடுத்த வருட விண்ணப்பம் எப்போது தருவார்கள், யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அவரே போய் விசாரித்திருக்கிறார்.

பிப்ரவரியிலிருந்து பத்து நாளைக்கு ஒருமுறை சத்திரப்பட்டிக்குப் போன் செய்வேன். இடையில் சித்தி வீட்டில் ஒரு மாப்பிள்ளைப் பேச்சு வந்தது. பெண்ணுக்குப் பதினேழுகூட முடியவில்லை, சட்டம் தெரியுமா என்று போனிலேயே சத்தம் போட்டேன். "சும்மா பேச்சுக்குச் சொன்னோம் டீச்சர்" என்றார்கள். பேச்சுக்குச் சொல்வதுதான் பந்தல்வரை போகும் என்று தெரிந்தவள், நேரில் போய் இன்னொரு முறை சத்தம் போட்டுவிட்டு வந்தேன். அம்மாவிடமும் சொன்னேன். அவர் அன்றே மில்லில் லீவு சொல்லிவிட்டுப் போய் மகளை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். என்னோடு பேசாமல் இருந்தவர், அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போன் செய்து, "கூட்டிட்டு வந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டார்.

விண்ணப்பம் கொடுத்த முதல் நாளே நாங்கள் மூன்று பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் நின்றோம். எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. அலுவலக உதவியாளர் படிவத்தைக் கொடுத்தார். மாரீஸ்வரி சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம்: படிப்பில் இடைவெளி இருந்தால் அதற்கான காரணம்.

பேனா நின்றது. உதவியாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "குடும்பச் சூழ்நிலைன்னு போடுங்க டீச்சர். எல்லாரும் அதத்தான் போடுவாங்க" என்றார். எனக்கும் அது தெரியும். என் கையாலேயே எத்தனை படிவங்களில் அதை எழுதியிருக்கிறேன். யோசிக்கத் தேவையில்லாத இரண்டு வார்த்தை. எழுதினேன். கீழே பெற்றோர் கையெழுத்துக்காகப் படிவத்தை அந்த அம்மா பக்கம் தள்ளினேன். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். விரலை வைத்து, மெதுவாக, ஒவ்வொரு கட்டமாகப் படித்துக்கொண்டு வந்தார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"எங்க குடும்பத்துல என்ன சூழ்நிலை டீச்சர்?" என்றார். "அவுக அப்பாவுக்குத் தோப்பு வேலை இருந்துச்சு. எனக்கு மில்லு இருந்துச்சு. பிள்ளைய படிக்க வேண்டாம்னு யாரும் சொல்லல. ரெண்டு தடவை டி.சி. கேட்டு வந்தோம். எங்க மேல ஏன் எழுதுதீக?"

பேனாவை மேசையில் வைத்துவிட்டார். கையெழுத்துப் போடவில்லை.

உதவியாளர், "அது சும்மா ஒரு பார்மாலிட்டிம்மா" என்றார். அந்த அம்மா அவரைத் திரும்பியே பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எனக்கு வேறு படிவங்களெல்லாம் நினைவுக்கு வந்தன. குடும்பச் சூழ்நிலை என்று நான் எழுதி, கைநாட்டு வாங்கி, முத்திரை குத்தி அனுப்பிய படிவங்கள். அவற்றில் எத்தனையில் உண்மையிலேயே குடும்பம் காரணம், எத்தனையில் நாங்கள் காரணம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தாய்மார்கள் யாரும் பேனாவைக் கீழே வைக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுதியதை அடித்தேன். கட்டம் சின்னது, ஓரத்தில் வளைத்து வளைத்து எழுத வேண்டியிருந்தது: "முந்தைய பள்ளி மாற்றுச் சான்றிதழை உரிய நேரத்தில் வழங்கவில்லை. அதற்குப் பொறுப்பு நான்." கீழே என் பெயர், பதவி, பள்ளி, கையெழுத்து.

"டீச்சர், இதை மேல யாராவது பாத்தா உங்களைக் கேப்பாங்க" என்றார் உதவியாளர். கேட்கட்டும் என்றேன். ஓய்வு பெறும்வரை யாரும் கேட்கவில்லை. யாரும் அந்தக் கட்டத்தைப் படிப்பதில்லை போலிருக்கிறது. நீங்களாவது படியுங்கள்.

அந்த அம்மா படிவத்தை மகளிடம் கொடுத்து, "டீச்சர் எழுத்து பொடிசா இருக்கு, சத்தமா வாசி" என்றார். மாரீஸ்வரி வாசித்தாள். ஒருமுறை வாசித்து முடித்ததும், "இன்னொருக்க வாசி" என்றார். அவள் மறுபடி வாசித்தாள். அந்த அம்மா முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.